மூலநிரல் திறந்ததா, மூடியதா: உரிமத்தில் எங்கே பார்ப்பது?

அடோபி ரீடருக்கும் காசில்லை, விஎல்சி பிளேயருக்கும் காசில்லை. ஆனால் முன்னது மூடிய மூலம்: நிரலர் எழுதிய நிரல், அதாவது மூலநிரல், உரிமையாளரிடமே இருக்கும். பின்னது திறமூலம்: மூலநிரலைப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் தரலாம். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் திறமூலம்தான், இருந்தும் ஆண்டுச் சந்தா கட்டி வாங்குகிறார்கள். ஆகவே ‘இலவசமா?’ என்ற கேள்வியோடு மென்பொருள் தேடப் போனால் முதல் அடியே தப்பும். கேட்க வேண்டியது இது: இதை நான் ஓட்ட மட்டும் போகிறேனா, திருத்தப் போகிறேனா, இன்னொருவர் கையில் கொடுக்கப் போகிறேனா? மூன்றுக்கும் உரிமம் சொல்லும் பதில் வேறு வேறு.

ஓட்டுவதை முதலில் பார்ப்போம். மூடிய மென்பொருளில் எல்லாமே எண்ணிக்கைக் கணக்கு: எத்தனை கணினி, எத்தனை பேர், எத்தனை கோர் (சிபியுவுக்குள் இருக்கும் கணக்கிடும் அலகு). மடிக்கணினியோடு வந்த ஓஇஎம் விண்டோஸ் அந்தக் கணினியோடு முடிந்தது. தனியாக வாங்கிய ரீடெயில் உரிமத்தை, பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் சர்வரை கோர் கணக்கில் வாங்கும்போது, சர்வர் ஒன்றுக்குக் குறைந்தது 16 கோர்களுக்கு உரிமம் எடுக்க வேண்டும். அந்த சர்வரைப் பயன்படுத்தும் பயனருக்கோ கணினிக்கோ தனியாக கேல் என்ற அணுகல் உரிமமும் வேண்டும். முதல் விலைப்பட்டியலில் பலர் கவனிக்காமல் விடுவது இந்த இரண்டாவது செலவைத்தான். போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்ற திறமூலத் தரவுத்தளத்தில் எண்ணவே ஒன்றுமில்லை. ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வரும் மென்பொருளாக இருந்தாலும் வெறுமனே ஓட்டுவதற்கு எந்த நிபந்தனையும் கிடையாது. நிறுவும்போது அந்த உரிமத்துக்கு ‘ஏற்கிறேன்’ என்று சொடுக்கச் சொல்வது வெறும் பழக்கம். ஓட்டுவதற்கு ஏற்பு தேவையில்லை என்று ஜிபிஎல் மூன்றாம் பதிப்பே எழுதி வைத்திருக்கிறது.

இந்தியாவில் திருட்டுப் பிரதியை மலிவான வழி என்று நினைப்பவர்கள் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவைப் படிக்க வேண்டும். தெரிந்தே கள்ளப் பிரதியைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, ₹50,000 முதல் ₹2 லட்சம் வரை அபராதம். வணிக நோக்கமோ ஆதாயமோ இல்லாத இடத்தில் மட்டும் சிறைத் தண்டனையை விட்டுக்கொடுக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. கணக்கு எழுதும் கடையோ அச்சகமோ அந்தச் சலுகைக்குள் வராது.

உண்மையான சிக்கல் கைமாற்றும்போதுதான் தொடங்குகிறது. மூடிய உரிமத்தில், பிரதி எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கப் பெரும்பாலும் இடமே இல்லை. திறமூலத்தில் கைமாற்றலாம், ஆனால் எல்லாத் திறமூலமும் ஒன்றல்ல. எம்ஐடி உரிமம் கேட்பது ஒன்றே: பதிப்புரிமை வரியையும் உரிம வாசகத்தையும் உடன் வையுங்கள். அதை எடுத்து நீங்கள் மூடிய மென்பொருள் செய்து விற்றாலும் தடையில்லை. அப்பாச்சி 2.0 உரிமம் இன்னும் கொஞ்சம் கேட்கும்: திருத்திய கோப்பில் திருத்தினேன் என்ற குறிப்பு, நோட்டீஸ் என்ற பெயரில் அறிவிப்புக் கோப்பு இருந்தால் அதுவும் உடன். பதிலுக்குப் பங்களித்தவர்களின் காப்புரிமைக்கும் (கண்டுபிடிப்புக்கான பேட்டன்ட்) அனுமதி தரும். அந்த மென்பொருள் உங்கள் காப்புரிமையை மீறுகிறது என்று நீங்கள் வழக்குப் போட்டால் அந்த அனுமதி அன்றோடு போகும்.

ஜிபிஎல் வேறு சாதி. இயங்கு கோப்பை (கணினி நேரடியாக ஓட்டும் வடிவத்தை) யாருக்குத் தருகிறீர்களோ அவருக்கு மூலநிரலும் அதே உரிமத்தில் கிடைக்க வேண்டும். இங்கே பரவலான தவறான எண்ணம் ஒன்று: மூலநிரலை இணையத்தில் உலகத்துக்கே போட வேண்டும் என்பது. அப்படியில்லை. ஒரே வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்தால், அந்த வாடிக்கையாளருக்குத் தந்தாலே போதும். அவர் அதை மேற்கொண்டு யாருக்குத் தந்தாலும் நீங்கள் தடுக்க முடியாது, அவ்வளவே. நிறுவனத்துக்குள்ளேயே திருத்திப் பயன்படுத்தினால் அந்தக் கடமையும் இல்லை. சாதனத்துக்குள் வைத்து விற்பவர்கள்தாம் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். மூலநிரலைக் கையோடு தராவிட்டால், கேட்பவருக்குத் தருவோம் என்று 3 ஆண்டுக்குக் குறையாத எழுத்துறுதி தர வேண்டும் என்கிறது ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. மூலநிரலை இயங்கு கோப்பாகத் தொகுப்பதற்கும் நிறுவுவதற்குமான ஸ்கிரிப்டுகளும் அதில் அடங்கும். வெறும் நிரல் கோப்புகளை ஜிப் செய்து அனுப்பினால் கடமை தீராது. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பது தெரிந்து 2003-இல் கேள்வி எழுந்தபோது மூலநிரலை வெளியிட்டார்கள். ரவுட்டருக்கான திறமூல இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது அதிலிருந்துதான்.

மீறினால்? இரண்டாம் பதிப்பில் உரிமம் தானாகவே ரத்து. மூன்றாம் பதிப்பு, முதல்முறை தவறுபவர் நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமையைத் திருப்பித் தருகிறது. ஜிபிஎல்லின் உறவான ஏஜிபிஎல் உரிமம் இன்னொரு வாசலையும் அடைக்கிறது: நீங்கள் திருத்திய நிரல் சர்வரில் ஓடி, மக்கள் அதை வலை வழியாகப் பயன்படுத்தினாலே அவர்களுக்கு மூலநிரல் கேட்கும் உரிமை உண்டு. மென்பொருளைச் சேவையாக விற்கப் போகிறவர்கள் தாங்கள் பயன்படுத்தும் நிரல் நூலகங்களின் பட்டியலில் முதலில் தேட வேண்டிய பெயர் இது. கலப்பிலும் கவனம் தேவை. அப்பாச்சி 2.0 நிரலை ஜிபிஎல் மூன்றாம் பதிப்போடு சேர்க்கலாம், இரண்டாம் பதிப்பு மட்டும் என்று குறித்த நிரலோடு சேர்க்க முடியாது.

நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் உரிமக் கோப்பே இல்லாமல் கிடக்கும் நிரல் திறமூலமல்ல. கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். எழுதியவர் உரிமம் தராதவரை பதிப்புரிமை முழுவதும் அவருடையது. எழுதியவரிடம் உரிமம் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், சேர்க்கும்வரை தொடாதீர்கள்.

தமிழ்ச் செயலி செய்பவர்கள் சறுக்கும் இடம் எழுத்துரு. விண்டோஸோடு வரும் லதா, நிர்மலா யுஐ இரண்டும் மூடிய உரிமம் கொண்டவை. அவற்றில் தட்டச்சு செய்து அச்சிடலாம், பிடிஎஃபில் பதிக்கலாம். கணினியில்தான் இருக்கிறதே என்று எழுத்துருக் கோப்பை எடுத்து ஆண்ட்ராய்டு செயலிக்குள் வைக்கவோ, தளத்தில் ஏற்றவோ விண்டோஸ் உரிமம் இடம் தராது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு ஓஎஃப்எல் என்ற திறந்த எழுத்துரு உரிமத்தில் வருகிறது. செயலிக்குள் வைக்கலாம், செயலியை விற்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, உரிம வாசகம் உடன் இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே இப்போது மூன்றாவது வகை ஒன்று பெருகிவிட்டது: மூலநிரல் தெரியும், ஆனால் திறமூலம் அல்ல. மோங்கோடிபி தரவுத்தளம் 2018-இல் ஏஜிபிஎல்லை விட்டு, இந்த வகை உரிமமான எஸ்எஸ்பிஎல்லுக்குப் போனது. ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில், சர்வர்களை அமைக்கும் கருவியான டெராஃபார்மை எம்பிஎல் என்ற திறமூல உரிமத்திலிருந்து பிஎஸ்எல்லுக்கு மாற்றியது. பிஎஸ்எல் போட்டிச் சேவை நடத்துவதைத் தடுக்கும், 4 ஆண்டு கழித்து அந்தப் பதிப்பு எம்பிஎல்லுக்குத் திரும்பும். ரெடிஸ் தரவுத்தளம் 2024 மார்ச்சில் பிஎஸ்டி என்ற திறமூல உரிமத்தைக் கைவிட்டது, 2025-இல் ஏஜிபிஎல்லையும் ஒரு தேர்வாகச் சேர்த்தது.

இங்கேதான் திறமூலத்தின் பெரிய பலம் தெரிகிறது. பழைய பதிப்புக்குத் தந்த உரிமத்தை யாரும் திரும்பப் பெற முடியவில்லை. டெராஃபார்மின் பழைய திறமூலப் பதிப்பிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற தனித் திட்டம் பிரிந்தது. ரெடிஸிலிருந்து அதே மார்ச்சில் வால்கி பிரிந்தது. மூடிய மென்பொருளின் உரிமையாளர் மனம் மாறினால் உங்களுக்கு இருப்பது இரண்டே வழி: கேட்டதைக் கட்டுவது, அல்லது வெளியேறுவது. ஆகவே ஒரு திறமூலத் திட்டத்தை நம்பும் முன் பதிப்புரிமை யார் கையில் என்று பாருங்கள். பங்களிப்பவர்களிடம் ஒப்பந்தம் வாங்கி உரிமம் மாற்றும் அதிகாரத்தை ஒரே நிறுவனம் வைத்திருந்தால் அது நாளை மாறலாம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஆயிரக்கணக்கானோரின் பதிப்புரிமை சிதறிக் கிடக்கிறது. அதை எவராலும் மூட முடியாது.

பாதுகாப்பில் எந்தப் பக்கமும் மார்தட்ட வழியில்லை. இணையத் தகவலைக் குறியாக்கும் திறமூல நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை 2012 முதல் 2014 வரை திறந்தபடியே இருந்தது. 2024 ஜூலையில் மூடிய பாதுகாப்பு மென்பொருளான கிரவுட்ஸ்டிரைக்கின் ஒரே புதுப்பிப்பில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. வேறுபாடு, பழுதை யார் சரிசெய்யலாம் என்பதில்தான். திறமூலத்தில் காசு கொடுத்து வேறொருவரை வைத்தும் சரிசெய்யலாம். மூடியதில் உரிமையாளர் ஆதரவை நிறுத்தும் தேதியே உங்கள் தேதி: விண்டோஸ் 10-க்கு அது 2025 அக்டோபர் 14.

மூடியதே சரியான இடங்களும் உண்டு. ஜிஎஸ்டி கணக்குக்கு டேலி வைத்திருக்கும் கடையை லினக்ஸுக்கு இழுப்பது வீண் வேலை. விதி மாறும்போது புதுப்பிப்பு வருகிறது, ஆடிட்டருக்கும் அதுதான் தெரியும். படத்தை அச்சின் நான்கு வண்ணங்களாக (சிஎம்ஒய்கே) பிரித்து அச்சுக்கு அனுப்பும் வேலையில் ஃபோட்டோஷாப் செய்வதை, திறமூலப் படத்திருத்தியான கிம்ப் முழுதாகச் செய்யாது. சர்வர், தரவுத்தளம், வலைத்தளம் ஆகியவற்றுக்கோ மூடியதை எடுக்க வலுவான காரணம் வேண்டும்.

எதை எடுத்தாலும் சோதனைக் காலத்திலேயே ஒரு வேலையைச் செய்துவிடுங்கள்: உங்கள் தரவு முழுவதையும், பிற மென்பொருளும் படிக்கும் சிஎஸ்வி அல்லது எஸ்கியூஎல் கோப்பாக ஏற்றுமதி செய்து, வேறொரு மென்பொருளில் திறந்து, தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாக மாறாமல் வந்தனவா, வரிசைகளின் எண்ணிக்கை பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவில்லையென்றால் அதைச் சரிசெய்து தரச் சொல்லிக் கேட்க வேண்டியது பணம் கட்டுவதற்கு முன்.