கரிசல் காட்டில் லீப்ஹெர் எல்டிஎம் 1060-3.1: ஓட்டிப் பார்த்தவன் சொல்வது

கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் காற்றாலை வேலைக்கு 60 டன் க்ரேன் தேடுகிறவர்கள் இதைத் தாராளமாக எடுக்கலாம். 48 மீட்டர் பூம் (சுமை தூக்கும் நீளக் கை), லோடு சார்ட் (எவ்வளவு தூரத்தில் எவ்வளவு எடை தூக்கலாம் என்கிற அட்டவணை) பற்றியெல்லாம் விற்பவர்களே சொல்லிவிடுவார்கள். மேடு பள்ளத்தில் வண்டி ஓடுகிற விதத்தை ஆபரேட்டர்தான் சொல்ல வேண்டும்.

முன்பு நான் ஓட்டியது ரஃப் டெரெய்ன் க்ரேன், அதாவது கரடுமுரடான இடத்துக்கென்றே பெரிய டயர் போட்டுச் செய்த க்ரேன். அதில் முன் ஆக்சில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு இறுகியிருக்கும், பின் ஆக்சில் மட்டும் பக்கவாட்டில் ஆடும். ஸ்பிரிங்கும் இல்லை, ஷாக் அப்சார்பரும் இல்லை. பெரிய டயர்தான் எல்லாம். டயர் அமுங்கித் திருப்பித் தள்ளுமே தவிர ஆட்டத்தை அடக்காது. காய்ந்து வெடித்த கரிசலில் ஒரு குறிப்பிட்ட வேகம் வந்ததும் வண்டி முன்னும் பின்னும் குத்த ஆரம்பிக்கும், வேகத்தைக் குறைக்கிறவரை விடாது. ராத்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் படுக்க வேண்டும்.

1060-ல் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஆயில் சிலிண்டர் உண்டு. சக்கரம் ஏறும்போது ஆயில் அக்குமுலேட்டர் என்கிற, நைட்ரஜன் கேஸ் அடைத்த கலத்துக்குள் தள்ளப்படும். அமுங்குகிற கேஸ்தான் ஸ்பிரிங்; ஆயில் குறுகலான வழியில் போய் வருவதால் குதிப்பு அங்கேயே அடங்கிவிடும். வேறொருவரை ஓட்டச் சொல்லிக் கீழே நின்று பார்த்தேன். முன் சக்கரம் வரப்பில் ஏற, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடைவெளி சுருங்கி மறுபடி விரிந்தது. பூம் நுனி லேசாக அசைந்ததோடு சரி.

குறையும் உண்டு. மழை பெய்து கரிசல் குழைந்துவிட்டால் அகல டயர் போட்ட பழைய வண்டிதான் தேவலை, இது புதையும்.

அப்புறம், லிஃப்டிங்குக்காக இந்த ஆயில் சஸ்பென்ஷனை அசையாதபடி லாக் செய்திருந்தால், கிளம்புமுன் லாக்கை எடுத்துவிட்டு வண்டியை மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். நைட்ரஜன் இறங்கினாலும் சிலிண்டர் கட்டையாகிப் பழைய குதிப்பு திரும்பிவிடும். பிரஷரை கேஜ் வைத்துப் பாருங்கள். நிரப்புவது நைட்ரஜன் மட்டும்தான். பட்டறையில் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறதே என்று அதைப் பிடித்துவிடாதீர்கள், ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

வாடகைக்கு எடுப்பவர்கள் கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை கரடுமுரடான தடத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.