விலைக்கு வாங்கிய ஆய்வுத் தலைப்பு: இறுதியாண்டு மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்திற்கான தலைப்பை, மாணவர்களுக்குத் திட்டங்களைத் தயாரித்து விற்கும் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் நான் பணம் கொடுத்து வாங்கினேன். அந்தத் தலைப்பு வாய்மொழித் தேர்வில் கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை; திட்டத்தை முழுவதுமாகத் திரும்பச் செய்து அடுத்த பருவத்தில் சமர்ப்பிக்கும்படி ஆயிற்று. இப்போது தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் மாணவர்கள் அதே போன்ற இடத்தில் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே நடந்ததை விவரமாக எழுதுகிறேன். அந்த நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே முறையில் நடப்பவை பல இருப்பதால், பெயரைக் காட்டிலும் அவர்கள் செய்யும் முறையை அறிந்துகொள்வதே உங்களுக்குப் பயன்படும்.

நான் கணினி அறிவியல் மாணவன். தலைப்பைப் பதிவு செய்யப் பத்து நாள்களே இருந்தபோது என் மனத்தில் இருந்தது, 'மருத்துவத் துறையில் மெஷின் லேர்னிங்' (எந்திரக் கற்றல், அதாவது பழைய தரவைக் கொண்டு கணிக்கக் கணினியைப் பழக்கும் முறை) என்ற அளவுக்கு மட்டுமே. வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்னபோது, "இது ஒரு துறை, தலைப்பாகாது, இன்னும் குறுக்கிக்கொண்டு வா" என்றார். எப்படிக் குறுக்குவது என்று அப்போதே கேட்டிருந்தால் இந்தப் பதிவுக்கே தேவை இருந்திருக்காது. கேட்கத் தயங்கி, சீனியர் ஒருவர் சொன்ன அந்த நிறுவனத்திற்குப் போனேன்.

அங்கே துறைவாரியாக அச்சிட்ட பல நூறு தலைப்புகளைக் கொண்ட பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் 'ஐ.இ.இ.இ. டைட்டில்' என்று போட்டிருந்தது. ஐ.இ.இ.இ. என்பது ஆய்விதழ்களை வெளியிடும் பொறியாளர் அமைப்பு. அது மாணவர்களுக்குத் தலைப்பு வழங்குவதுமில்லை, இப்படிப்பட்ட பட்டியல்களுக்கு ஒப்புதல் அளிப்பதுமில்லை. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "தம்பி, இது லேட்டஸ்ட் டைட்டில், வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பேஸ் பேப்பர், கோடிங், டாக்குமெண்டேஷன் எல்லாம் சேர்ந்து வரும், வைவாவுக்கும் நாங்களே தயார் செய்துவிடுவோம்" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். பேஸ் பேப்பர் என்பது திட்டத்திற்கு அடிப்படையாகக் கொள்ளும் ஆய்வுக் கட்டுரை. கலப்பு எந்திரக் கற்றல் முறையால் நீரிழிவு நோயை முன்கூட்டிக் கணித்தல் என்பது எனக்குக் கிடைத்த தலைப்பு. துல்லியம் 98 விழுக்காடு என்று அதன் சுருக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். கட்டிய பணத்திற்குக் கொடுத்த ரசீதில் 'பயிற்சிக் கட்டணம்' என்று மட்டுமே இருந்தது. தலைப்பு, நிரல், அறிக்கை எதுவும் அதில் இல்லை என்பதன் பொருள் பிறகுதான் விளங்கியது.

வாய்மொழித் தேர்வில் என்ன நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் ஒரு தலைப்பு எங்கே உடையும் என்பதை நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

என் தரவுத் தொகுப்பைப் பார்த்த உடனே புறத்தேர்வாளர் அதை அடையாளம் கண்டுகொண்டார். அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகருக்கு அருகில் வாழும் பீமா பழங்குடிப் பெண்கள் 768 பேரின் பதிவுகள் அவை. அவர்களில் 268 பேருக்கு நீரிழிவு உண்டு, 500 பேருக்கு இல்லை. எந்திரக் கற்றல் பயிலும் ஏறத்தாழ எல்லாரும் தொடக்கத்திலேயே கையாளும் தொகுப்பு இது. தேர்வாளர் தம் மடிக்கணினியில் மூலத் தொகுப்பைத் திறந்து எட்டாவது பதிவைக் காட்டினார்: வயது 29, கருவுற்ற எண்ணிக்கை 10, இரத்த அழுத்தம் 0, தோல் மடிப்பின் தடிமன் 0, இன்சுலின் 0. "இவருடைய இரத்த அழுத்தம் ஏன் 0?" என்று கேட்டார். உயிரோடிருக்கும் ஒருவருக்கு அது 0 ஆக இருக்க முடியாது; அளவீடு விடுபட்ட இடத்தில் 0 நிரப்பப்பட்டிருக்கிறது. இன்சுலின் நெடுவரிசையில் மட்டும் இப்படி 374 பதிவுகள் உள்ளன, அதாவது ஏறத்தாழப் பாதி. இது எதுவும் எனக்குத் தெரியாது. அந்தக் கோப்பை நான் ஒரு முறைகூட வரி வரியாகப் பார்த்ததில்லை.

அடுத்து, "தரவில் பழக்கிய உன் கணிப்பு மாதிரி (மாடல்) ஆண்களுக்கும் பொருந்துமா?" என்றார். தொகுப்பில் இருப்பவர்கள் அனைவரும் 21 வயதுக்குக் குறையாத பெண்கள். ஆனால் என் அறிக்கையின் முன்னுரை, எல்லா மக்களுக்கும் பயன்படும் கணிப்பு முறை என்று சொல்லியிருந்தது. மூன்றாவது கேள்விதான் என்னை முற்றிலும் நிறுத்திவிட்டது. "எல்லாருக்கும் நோய் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 65 விழுக்காடு சரியாக வரும். 1988ல் இந்தத் தரவைக் கொண்டு செய்த ஆய்விலேயே 76 விழுக்காடு எட்டியிருந்தார்கள். உன் 98 எங்கிருந்து வந்தது?"

அது எங்கிருந்து வந்தது என்பதைத் தேர்வு முடிந்த பிறகு நண்பர் ஒருவரின் உதவியோடு கண்டுபிடித்தேன். நிறுவனம் கொடுத்த கோப்பில் 2,000 பதிவுகள் இருந்தன. மறுபதிவுகளை நீக்கியபோது எண்ணிக்கை 768ஐத் தாண்டவில்லை. ஒரே பெண்ணின் பதிவு இரண்டு, மூன்று, சில இடங்களில் நான்கு முறைகூட வந்திருந்தது. இந்தக் கோப்பைக் கலைத்துப் பயிற்சிக்கு ஒரு பகுதி, சோதனைக்கு ஒரு பகுதி என்று பிரித்தால், சோதனையில் வரும் பதிவுகளில் பெரும்பாலானவற்றை மாதிரி ஏற்கெனவே விடையோடு பார்த்திருக்கும். வினாத்தாளை முதல் நாளே படித்துவிட்டு எழுதிய தேர்வின் மதிப்பெண்ணைப் போன்றது அந்த 98.

இந்தப் பிழை மாணவர் திட்டங்களோடு நின்றுவிடுவதில்லை. மார்பு எக்ஸ்ரே, சி.டி. படங்களைக் கொண்டு கோவிட் தொற்றைக் கண்டறிவதாகச் சொன்ன ஆய்வுகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் தலைமையிலான குழு ஒன்று பரிசீலித்து 2021ல் முடிவை வெளியிட்டது. 2,212 ஆய்வுகளிலிருந்து தேர்ந்து இறுதியாக ஆராய்ந்த 62ல் ஒன்றுகூட மருத்துவப் பயன்பாட்டுக்குத் தகுதியானதாக இல்லை என்று அவர்கள் எழுதினார்கள். அவர்கள் காட்டிய குறைகளில், வெவ்வேறு தொகுப்புகளை ஒன்றாகச் சேர்க்கும்போது ஒரே படம் மீண்டும் மீண்டும் நுழைந்துவிடுவதும் ஒன்று. அப்படியிருக்க, மிக உயர்ந்த விழுக்காட்டை முகப்பிலேயே எழுதி ஒரு தலைப்பை யாராவது நீட்டினால், அந்த எண்ணைத்தான் நீங்கள் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அறிக்கையின் மொழியும் என்னைக் காட்டிக்கொடுத்தது. ஆங்கிலத்தில் இருந்த அந்த அறிக்கையில் 'ரேண்டம் ஃபாரஸ்ட்' என்னும் முறை 'இர்ரெகுலர் டிம்பர்லேண்ட்' என்றும், 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' பல இடங்களில் 'கவுண்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' என்றும் இருந்தன. வேறொருவரின் கட்டுரையை எடுத்து, நகல் கண்டறியும் மென்பொருளிடம் அகப்படாமலிருக்க, சொற்களுக்கு ஒத்த சொற்களைத் தானியங்கி மென்பொருளால் மாற்றியிருக்கிறார்கள். இத்தகைய திரிந்த தொடர்களைக் கியோம் கபானாக், சிரில் லபே, அலெக்சாண்டர் மகசினோவ் ஆகிய மூவரும் 2021ல் தொகுத்து வெளிப்படுத்தினார்கள். அதன் பிறகு இவை போலிக் கட்டுரைகளின் அடையாளமாகவே கருதப்படுகின்றன. என் பெயரைத் தாங்கிய அறிக்கையில் அவை இருந்தன. கலைச்சொல்லுக்கு ஒத்த சொல் கிடையாது என்ற அடிப்படையைக்கூட அறியாதவர்களிடம் என் பட்டத்தை ஒப்படைத்திருந்தேன் என்பது இன்றும் வேதனை தருகிறது.

நிறுவனத்திற்கு மறுபடி போனேன். முதலில், நான் சரியாக விளக்கவில்லை என்றார்கள். மறுபதிவுகளைக் காட்டியபோது, வேறு தலைப்பு தருகிறோம், பாதிப் பணம் கட்டுங்கள் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ரசீதைக் காட்டி, பயிற்சி கொடுத்தாகிவிட்டது என்றார்கள். யாருக்கும் கொடுக்காத தலைப்பு என்று சொன்னதும் பொய். அதே சொற்களில், அதே 98 விழுக்காட்டோடு, வேறொரு கல்லூரி மாணவர் ஒருவர் எனக்கு முந்தைய ஆண்டே சமர்ப்பித்திருந்ததைப் பின்னர் அவரே சொல்லக் கேட்டேன்.

இரண்டாம் முறை தலைப்பைத் தேர்ந்தெடுத்தபோது, வழிகாட்டிப் பேராசிரியரோடு ஒரு மாலை முழுவதும் அமர்ந்தேன். அவர் என்னிடம் தலைப்பையே கேட்கவில்லை, "உனக்கு விடை தெரியாத கேள்வி எது?" என்று மட்டும் கேட்டார். அந்த எட்டாவது பதிவுதான் என் நினைவுக்கு வந்தது. விடுபட்ட அளவீட்டை 0 என்றே விட்டுவிடுவதற்கும், விடுபட்டதாகவே கருதி முறைப்படி நிரப்புவதற்கும் கணிப்பில் எவ்வளவு வேறுபாடு வரும் என்பதே என் திட்டமாயிற்று. தரவு பழையது, முறைகள் பழையவை, கேள்வி மட்டும் சிறியதாகவும் என்னுடையதாகவும் இருந்தது. அதற்கு எது விடையாகும், எதோடு ஒப்பிட வேண்டும், எத்தனை வாரங்கள் ஆகும் என்பனவற்றை அன்றே ஒரு பக்கத்தில் எழுதிவிட முடிந்தது. என் கருத்தில் ஒரு தலைப்பு தலைப்பாக நிற்கிறதா என்பதை அந்த ஒரு பக்கமே காட்டிவிடும். எழுத முடியாவிட்டால் கேள்வி இன்னும் பெரிதாக இருக்கிறது. இம்முறை கிடைத்த துல்லியம் 77 விழுக்காடு. அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கவில்லை, தேர்வாளரும் அதைக் குறையாகக் கருதவில்லை.

ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டவர்கள், அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். தரவுக் கோப்பையும் பேஸ் பேப்பரையும் இன்றே கேட்டு வாங்குங்கள். முழுக் கட்டணம் கட்டிய பிறகுதான் தருவோம் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், முன்பணத்தோடு இழப்பு முடியட்டும். கோப்பு கைக்கு வந்தால், பைத்தான் நிரல்மொழியில் ஒரே கட்டளையில் மறுபதிவுகளை எண்ணிவிடலாம். பிறகு முதல் இருபது வரிகளை நிரலின் துணையில்லாமல் கண்ணாலேயே படித்து, ஒவ்வொரு எண்ணும் எந்த அளவீட்டிலிருந்து வந்தது, அது உண்மையில் அப்படி இருக்க முடியுமா என்று பாருங்கள். பொருள் தெரியாத எண்களை ஒரு தாளில் குறித்து, தலைப்பைப் பதிவு செய்யும் நாளுக்கு முன்பே உங்கள் வழிகாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.