இரண்டாம் கை பைக் வாங்கப் போகிறவர்கள் வாசித்துவிட்டுப் போங்கள்: எனக்குப் போனது 85,000

இன்று காலைதான் அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன். கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன காசு 85,000 ரூபாய். பெயரைப் போடாதே என்று சட்டத்தரணி நண்பன் ஒருவன் சொல்லிவிட்டான். அதனால் இவ்வளவுதான் சொல்வேன்: கொழும்புக்கு வெளியே, பெருந்தெருவோரம், தகரக் கூரைக்குக் கீழே நாற்பது ஐம்பது பழைய பைக்குகளை வரிசையாக நிறுத்தி விற்கிற இடம். இணையத்திலும் விளம்பரம் வரும். வாங்கும்போது எதையெதைப் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

எனக்குக் கொட்டாஞ்சேனையில் அறை, ராஜகிரியவில் வேலை. மாதம் ஒருமுறை வவுனியாவுக்கு, அம்மாவிடம். அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள். நீர்கொழும்பு, புத்தளம், அனுராதபுரம் என்று லொறிகளோடு லொறியாக 250 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். ஆக, கிழமை நாளில் நெரிசலுக்குள் நுழைய வேண்டும், மாதக் கடைசியில் தூரமும் போக வேண்டும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரம் 4 லீற்றர் பெற்றோல் வாங்கிய காலம் மறக்கவில்லை, எனவே எண்ணெய் குடிக்கிற பெரிய பைக் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். இரண்டைத்தான் பார்த்து வைத்திருந்தேன்: பஜாஜ் சி.டி. 100, ஹொண்டா ஷைன் 125.

கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். நான் வாய் திறந்ததுமே தமிழில் கதைக்கத் தொடங்கினார். பிளேன்டீ வந்தது. "தம்பி, வேலைக்கு மட்டும் எண்டா சி.டி.ய எடுங்க. பாரம் இல்ல, பஸ் ரெண்டுக்கு நடுவுல பூந்து போகலாம், பார்ட்ஸ் பஞ்சிகாவத்தையில கொட்டிக் கிடக்கு. ஆனா வவுனியாவுக்குப் போறனெண்டு சொல்றீங்க. அது வெறும் 99 சிசி. அறுபதுக்கு மேல முறுக்கினா கைப்பிடியே அதிரும். எதிர்ல லொறி வந்தா காத்துல ஆடும். முன்னுக்கும் பின்னுக்கும் ட்ரம் பிரேக்தான்." பிறகு ஷைனைக் காட்டினார். 125 சிசி, முன்னால் டிஸ்க். அதற்கும் நான்கு கியர்தான், ஆனால் அதே வேகத்தில் என்ஜின் கத்தாமல் போகும், பின்னால் ஆள் இருந்தாலும் கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சு வாங்காது என்றார். பெற்றோல் கொஞ்சம் கூடப் போகும் என்பதையும் மறைக்கவில்லை.

அதோடு நிற்கவில்லை. அவருடைய சி.டி.யையே குனிந்து காட்டி, "இந்த செயின் செட் முடிஞ்சு, மாத்தத்தான் வேணும்" என்றார். அங்கேதான் நான் விழுந்தேன். தன் சரக்கைத் தானே குறை சொல்கிற ஆள் பொய் சொல்வாரா? இப்போது யோசித்தால் வயிறு எரிகிறது, ஏனென்றால் அந்த ஒப்பீட்டில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. எனக்குத் தெரிந்த கராஜ் பாஸும் பிறகு அதையேதான் சொன்னார். பைக்கைப் பற்றி முழு உண்மை, அதன் பதிவுப் புத்தகத்தைப் பற்றி மட்டும் பொய்.

ஷைனுக்கு 4 இலட்சத்து 10 ஆயிரம் பேசினோம். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. சி.ஆர். என்கிற அந்தப் பதிவுப் புத்தகம் எங்கே என்றேன். "லீசிங் முடிஞ்சு தம்பி, புக் அவங்ககிட்ட இருக்கு, திங்கள் கைக்கு வரும். இப்ப அட்வான்ஸ் வச்சா வேற ஆளுக்குக் குடுக்கமாட்டன்." 85,000 எண்ணிக் கொடுத்தேன். சிங்களத்தில் ஒரு பில் எழுதித் தந்தார். சிங்களம் கதைப்பேன், கையெழுத்தை வாசிக்கத் தடுமாறுவேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். என் மடத்தனம்.

திங்கள் புக் வரவில்லை. செவ்வாய், லீசிங் கம்பனியில் கணினி வேலை செய்யவில்லையாம். பிறகு போயா விடுமுறை. பிறகு கடைப் பொடியன் எடுத்து, "பெரியவர் கண்டிக்குப் போயிட்டார் அண்ணா" என்றான். நான் அனுப்பிய செய்திகளை வாசித்த அடையாளம் தெரிந்தது, பதில் மட்டும் இல்லை. இரண்டு கிழமை இப்படியே.

பொறுக்காமல் வாகன எண்ணை வைத்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவைப் பார்த்தேன். முழு உரிமையாளர் என்ற இடத்தில் இன்னும் ஒரு நிதிக் கம்பனியின் பெயர். லீசிங் கடன் முடியவில்லை! இன்று காலை கடைக்குப் போனால் அந்த ஷைன் நின்ற இடத்தில் வேறொரு ஸ்கூட்டர். "அது போயிட்டு தம்பி. நீங்க லேட்." என் 85,000? பில்லைத் திருப்பிக் கடைசி வரியைக் காட்டினார்: முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது. அந்த நேரம் பிளேன்டீயும் இல்லை, தமிழும் இல்லை. முழுக்கச் சிங்களத்தில்தான் பதில் வந்தது.

பொலிசில் முறைப்பாடு எழுதினார்கள், மத்தியஸ்த சபைக்குப் போகச் சொன்னார்கள். நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கும் அழைத்தேன், பில்லின் பிரதி கேட்டிருக்கிறார்கள். 85,000 எனக்கு ஒன்றரை மாதச் சம்பளம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது மனம் ஓடவில்லை. சி.ஆர். புத்தகத்தைக் கண்ணால் காணாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். லீசிங் முடிந்தது என்றால் கம்பனியின் விடுவிப்புக் கடிதத்தைக் கேளுங்கள், வாயால் சொன்னதை நம்பாதீர்கள். செசி எண், என்ஜின் எண் இரண்டையும் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். ஓப்பன் பேப்பரில், அதாவது வாங்குகிறவர் பெயரை நிரப்பாத உரிமை மாற்றப் பத்திரத்தில், தருகிறேன் என்றால் திரும்பிப் பார்க்காமல் வாருங்கள். பில் வாசிக்கத் தெரியாவிட்டால் படம் எடுத்துத் தெரிந்தவருக்கு அனுப்பிக் கேட்டுவிட்டுக் காசை எடுங்கள்.

இதே மாதிரி இடத்தில் அட்வான்ஸ் கொடுத்து மாட்டியவர்கள் இருந்தால் தனிச் செய்தி போடுங்கள். மத்தியஸ்த சபைக்கு எதையெதைக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு வேலைக்கு வழக்கம்போல 176 பஸ்தான்.