ஒரே டிஸ்க்கை விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று பல சிஸ்டங்களில் மாற்றி மாற்றிப் பயன்படுத்த எந்த ஃபைல் சிஸ்டத்தில் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) ஃபார்மேட் செய்வது: எக்ஸ்ஃபேட்டா (exFAT), என்டிஎஃப்எஸ்ஸா (NTFS)?

மேக்கும் கூட்டணியில் இருந்தால் எக்ஸ்ஃபேட்தான். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், எழுத விடாது. லினக்ஸிலும் 5.7 கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) முதல் எக்ஸ்ஃபேட் பெரிதாகத் தொல்லை தருவதில்லை. ஆனால் எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல், அதாவது மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு, கிடையாது. காப்பி ஓடும்போது கேபிளைப் பிடுங்கினால் ஃபோல்டரே காணாமல் போகலாம்.

விண்டோஸும் லினக்ஸும் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ் தேவலை. லினக்ஸில் டிஸ்க் திடீரென 'ரீட் ஒன்லி' (படிக்க மட்டும், எழுத முடியாது) ஆகிறதா? பெரும்பாலும் குற்றவாளி ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், விண்டோஸைச் சீக்கிரம் பூட் ஆக வைக்கும் வசதி. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும்; பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பகுதியை) முழுதாக விடுவிக்காது. ஷிஃப்ட்டை அழுத்தியபடியே ஷட்டவுனைக் கிளிக் செய்யுங்கள். அப்போதும் அடம்பிடித்தால் விண்டோஸிலேயே டிஸ்க் பிழைகளைச் சரிசெய்யும் செக்டிஸ்க் (chkdsk) கட்டளையை '/f' சேர்த்து ஓட்டுங்கள். லினக்ஸில் அதற்கென இருக்கும் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் (ntfsfix) கட்டளை வெறும் ஒட்டுவேலை, அதை நம்பி முக்கியமான ஃபைல்களை வைக்காதீர்கள்.