பைஃபோக்கல் கூலிங் கிளாஸ்: ரெடிமேடா, கடையில் செய்வதா?

வெயிலில் பைக் ஓட்டவும், ஓரமாக நிறுத்திப் போனில் மேப் பார்க்கவும் ஒரே கண்ணாடி வேண்டும் என்று தேடியதில் எனக்குத் தேறியவை இரண்டுதான். ஒன்று, கீழ்ப்பகுதியில் மட்டும் ரீடிங் பவர் வைத்து ரெடிமேடாக விற்கும் கூலிங் கிளாஸ். இன்னொன்று, கண்ணாடிக் கடையில் நம் பவருக்கு டி பைஃபோக்கல் (ஒரே லென்ஸில் மேலே தூரத்துக்கு, கீழே படுத்த D வடிவத் துண்டில் படிக்க என இரண்டு பவர்) செய்து அதில் கலர் ஏற்றி வாங்குவது. இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு இப்போது கடையில் செய்ததைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால் இதை நடுநிலையான தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரெடிமேடு மலிவு, உடனே கைக்கு வரும், தொலைந்தாலும் பெரிதாக வலிக்காது. இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான், சிலிண்டர் (அஸ்டிக்மாட்டிசம் என்கிற பார்வைக் கோளாறைச் சரிசெய்யும் பவர்) கிடையாது, மேலே பவர் இல்லாத வெறும் கறுப்புக் கண்ணாடி. தூரப்பார்வை நன்றாக இருந்து வெள்ளெழுத்து மட்டும் வந்தவர்களுக்கு இது போதும். யூவி 400 (400 நானோமீட்டர் வரையான புற ஊதாக் கதிரைத் தடுப்பது) இருக்கிறதா என்று எதை வாங்கினாலும் கேட்க வேண்டியதுதான்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை விஷயமே மூக்கில்தான் இருக்கிறது. சாதாரணக் கூலிங் கிளாஸ் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சரிந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பைஃபோக்கலில் அதே சரிவு ரீடிங் பகுதி தொடங்கும் கோட்டையும் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும், பிறகு படிக்க மோவாயைத் தூக்க வேண்டியிருக்கும், சாயந்திரத்துக்குள் கழுத்து வலிக்கும். கோடு மேலே ஏறி உட்கார்ந்தால் இன்னும் மோசம், ரோட்டின் அடிப்பாதி மங்கிவிடும். ரெடிமேடு பெரும்பாலும் பிளாஸ்டிக் ஃப்ரேம், மூக்கில் உட்காரும் இடம் அதோடு சேர்ந்தே வார்த்திருக்கும், நம் மூக்குக்கு அது பொருந்தினால் உண்டு, பொருந்தாவிட்டால் யாராலும் வளைக்க முடியாது. நம் ஊர் வியர்வைக்கு அது வழுக்கத்தான் செய்யும். மெட்டல் ஃப்ரேமில் இருக்கும் சிலிகோன் நோஸ் பேடை இரண்டு நிமிடத்தில் அகட்டியோ நெருக்கியோ கொடுத்துவிடுவார்கள், மஞ்சளாகிப் போனால் மாற்றிக்கொள்ளலாம். ஹெல்மெட் போடுகிறவர்களுக்கு இன்னொன்று: மெல்லிய கம்பி உள்ளே சுலபமாக நுழையும், தடித்த பிளாஸ்டிக் தண்டு காதுக்கு மேலே அழுத்திக்கொண்டே இருக்கும்.

கடையில் செய்தால் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். முதலில் ஃப்ரேமை மூக்குக்கும் காதுக்கும் சரியாக உட்கார வைக்கச் சொல்லி, அதற்குப் பிறகுதான் கோட்டின் உயரத்தைப் பேனாவால் குறிக்கச் சொல்ல வேண்டும். வழக்கமாகக் கீழ் இமையின் விளிம்புக்கு வைப்பார்கள். வெளியில் ஓட்டத்தான் என்று சொல்லி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறக்கி வைக்கச் சொன்னேன், ரோடு தெளிவாகக் கிடைத்தது. ஃப்ரேம் தண்டின் உட்பக்கம் 54, 18, 140 என்கிற மாதிரி எண்கள் இருக்கும்: லென்ஸ் அகலம், மூக்கிடை, தண்டு நீளம், எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. உங்களுக்கு ஏற்கெனவே வசதியாக இருக்கும் கண்ணாடியின் எண்களைப் பார்த்துக்கொண்டு போனால் தேடுகிற வேலை பாதி குறையும், ரெடிமேடே வாங்கினாலும் சரி.

பவரையும் யோசித்துக் கேளுங்கள். தூரத்துக்குப் பவர் இல்லாதவருக்கு +2.50 என்றால் 40 சென்டிமீட்டரில் தெளிவு, +1.50 என்றால் சுமார் 67. போன் 40-இல் இருக்கும், ஸ்பீடோமீட்டர் அதைவிடத் தள்ளி இருக்கும். இரண்டும் வேண்டுமென்றால் நடுவில் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். எந்தப் பவராக இருந்தாலும் படிக்கட்டு இறங்கும்போது தலையைக் குனிந்தே பாருங்கள், கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தால் படி மங்கும்.

வெயிலில் தானாகக் கறுக்கும் போட்டோகுரோமிக் லென்ஸும் செய்து தருவார்கள். காருக்குள் அது சரியாகக் கறுக்காது, முன் கண்ணாடியே யூவியைத் தடுத்துவிடும். ஹெல்மெட் வைசரை இறக்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான். போலரைஸ்டு, அதாவது பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தின் கூச்சத்தை வெட்டும் லென்ஸ், நான் நண்பருடையதைக் கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்ததோடு சரி. ஈர ரோட்டின் கூச்சம் நன்றாகவே குறைந்தது, ஆனால் போனைத் திருப்பிப் பிடித்தபோது திரை இருண்டுவிட்டது. மேப் பார்க்கத்தான் இந்தக் கண்ணாடியே என்பவர்கள் கடையிலேயே தங்கள் போனை நேராகவும் படுக்கையாகவும் பிடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.