பேருந்து பார்சலில் வந்த நோயும், போன 14,500 ரூபாயும்

லவ் பேர்ட்ஸ், காக்டெய்ல் போன்ற சிறு கிளிகளைச் சமவெளியிலிருந்து பேருந்து பார்சலில் வரவழைக்க எண்ணியிருக்கும் கொடைக்கானல், பெருமாள்மலை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி வட்டாரத்து நண்பர்கள், பணம் அனுப்பும் முன் இதைத் தயவுசெய்து படித்துவிடுங்கள். நான் அனுப்பியது 14,500 ரூபாய். வந்தவை 14 பறவைகள். இன்று உயிரோடு இருப்பவை 3. திரும்பி வந்த பணம் ஒரு ரூபாய்கூட இல்லை. கோபம் ஆறிய பிறகு நிதானமாக எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதே ஆள், அதே குழுவில், 'மலைப்பகுதிகளுக்கும் டெலிவரி உண்டு' என்று நேற்று மறுபடியும் விளம்பரம் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டேன்.

பறவை விற்பவர்களும் வாங்குபவர்களும் கூடுகின்ற, ஆயிரக்கணக்கானோர் இருக்கும் சமூக ஊடகக் குழு அது. விற்றவர் சமவெளி நகரம் ஒன்றில் கடையும் பண்ணையும் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்பவர். புகார் நிலுவையில் இருப்பதால் பெயர்களை எழுதவில்லை; விவரத்தைப் படித்தாலே குழுவில் இருப்பவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

லுட்டினோ (மஞ்சள் கலந்த வெள்ளை நிற) காக்டெய்ல் 2 ஜோடி 11,000 ரூபாய், நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் பட்ஜிஸ் 5 ஜோடி 3,500 ரூபாய் என்று பேச்சு. பார்சல் கூலி தனி. பணம் கேட்பதற்கு முன் அவராகவே வீடியோ அழைப்பில் வந்தார். ஒரு காக்டெய்லைக் கையில் எடுத்து, மல்லாக்கத் திருப்பி, வாலடியில் வாயால் ஊதி இறகை விலக்கி, எச்சம் ஒட்டாமல் சுத்தமாக இருப்பதைக் காட்டினார். நோயற்ற பறவையை அப்படித்தான் காட்டுவார்கள். "புதுசா வந்த பறவையை 45 நாள் தனியா வெச்சு, மருந்து குடுத்து, அப்புறந்தாண்ணே வெளிய அனுப்புவோம். என் பிள்ளைங்க மாதிரிண்ணே" என்றார். புதுப் பறவையைத் தனியே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதைத் தெரிந்து சொல்லும் வியாபாரிகள் மிகக் குறைவு. 14,500 ரூபாயை என்னிடமிருந்து வாங்கியது அந்த ஒரு வாக்கியந்தான். வாலடியை ஊதிக் காட்டியவர் மார்பை ஊதிக் காட்டவில்லை என்பது வேறு கதை, அதற்கு வருகிறேன்.

விடியற்காலையில் வத்தலகுண்டில் பெட்டியை வாங்கினேன். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் பழக்கூடை, அதற்குள் பறவைகள், தண்ணீருக்குப் பதிலாக வெட்டிப் போட்ட வெள்ளரித் துண்டுகள். அந்தத் துண்டுகளில் ஒன்றில்கூட அலகு பட்ட தடம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, சமையலறை டிஜிட்டல் தராசில் எடை போட்டேன். வளர்ந்த காக்டெய்ல் பொதுவாக 80 முதல் 100 கிராம் வரை இருக்கும். வந்தவை நான்கும் 64 முதல் 71 கிராமுக்குள் இருந்தன. 30 கிராமுக்கு மேல் இருக்க வேண்டிய பட்ஜிஸ் பலவும் 25ஐ ஒட்டி நின்றன. மார்பு இறகை விலக்கினால் நடு எலும்பு கத்தி முனை போலத் துருத்திக்கொண்டிருந்தது. அதன் இருபுறமும் இருக்க வேண்டிய சதையைக் காணோம். ஓர் இரவுப் பயணத்தில் நீர் வற்றிச் சில கிராம் குறையலாம். சதை அப்படிக் கரைவதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

தராசுப் படங்களை உடனே அனுப்பினேன். "பயணக் களைப்புண்ணே. எலக்ட்ரால் தண்ணி வைங்க, ரெண்டு நாள்ல தேறிடும்" என்று பதில் வந்தது. தேறவில்லை. முதலில் ஒரு காக்டெய்ல், அடுத்து இரண்டு பட்ஜிஸ், பிறகு நாள் தவறாமல் ஒன்றிரண்டு என்று விழத் தொடங்கின. முந்தின மாலை கம்பியில் உட்கார்ந்திருந்தது காலையில் கூண்டின் தரையில் கிடக்கும். எச்சம் இலைப் பச்சையாகவும், வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி மஞ்சள் கலந்த பச்சையாகவும் இருந்தது. அது கல்லீரல் கெட்டதற்கு அடையாளம்.

அதன்பின் அவர் அனுப்பிய பதில்களை வரிசையாகச் சொல்கிறேன். சிறு கிளிகள் திடீரென்று சாவதற்கான உண்மையான காரணங்கள் பலவும் அந்தச் சாக்குகளுக்குள்ளேயே இருக்கின்றன. விஷயம் தெரிந்த ஆள்தான் அவர். தெரிந்துகொண்டே என் தலையில் கட்டினார்.

முதல் சாக்கு: "மலைக்குளிர் சார், அதுக்கு ஒத்துக்கல." பட்ஜியும் காக்டெய்லும் ஆஸ்திரேலிய உள்நாட்டின் வறண்ட நிலங்களைச் சேர்ந்தவை, அங்கே இரவுக் குளிர் அவற்றுக்குப் புதிதல்ல. திடீர் மாற்றமும், ஈரமும், நேரே அடிக்கும் காற்றும் கெடுதல்தான். அதனால்தான் புதுப் பறவைகளைத் தோட்டத்துச் சாமான் அறையில், காற்று புகாமல், பல்பு போட்டு வைத்திருந்தேன். என் பழைய பட்ஜிஸ் கூட்டம் பெருமாள்மலைக் குளிரிலேயே பல ஆண்டுகளாகத் தார்ப்பாய் மறைப்போடு திண்ணையில் வாழ்ந்து குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கிறது. குளிர் கொல்வதென்றால் திண்ணையில் இருப்பதை விட்டுவிட்டு, பல்பு எரியும் அறைக்குள் போய்க் கொல்லுமா?

இரண்டாவது: "கரி அடுப்பு மூட்டினீங்களா? நான்ஸ்டிக் சட்டி வெச்சீங்களா?" இரண்டுமே பறவைகளைக் கொல்லும் என்பது உண்மை. பறவையின் நுரையீரலும் அதனோடு இணைந்த காற்றுப் பைகளும் உள்ளிழுக்கும் காற்றை நம்முடையதைவிடத் திறமையாக வாங்கிக்கொள்பவை. நஞ்சையும் அப்படியே வாங்கும். வெறும் நான்ஸ்டிக் சட்டி அடுப்பில் மறந்துபோய் ஏறத்தாழ 280 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் காய்ந்தால், அதன் பூச்சிலிருந்து வரும் புகை நிமிடக் கணக்கில் ஒரு கூண்டையே காலி செய்துவிடும். மூடிய அறையில் கரி மூட்டினால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மலையில் குளிர்காலத்தில் மனிதர்களே அதற்குப் பலியாகிறார்கள். ஆனால் இவை இரண்டும் கொல்லும்போது ஒரே வேளையில், ஒரே அறையில் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் கொல்லும். நாளுக்கு ஒன்றிரண்டாக முறை வைத்துக் கொல்லாது. அந்த அறையில் அடுப்பும் இல்லை, கரியும் இல்லை.

மூன்றாவது சாக்கைப் படித்தபோதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது: "உங்க ஊர்ல பட்டர் ஃபுரூட் ஜாஸ்தி சார். அதைப் போட்டிருப்பீங்க." கீழ்ப் பழனி மலையில் காப்பித் தோட்டங்களுக்கு இடையே வெண்ணெய்ப் பழ (அவகாடோ) மரம் நிறைய உண்டு. பழம், இலை, பட்டை எல்லாவற்றிலும் உள்ள பெர்சின் என்னும் பொருள் பறவையின் இதயத் தசையைக் கெடுத்து, மூச்சுத் திணற வைத்து ஓரிரு நாளில் கொன்றுவிடும். பட்ஜிஸ் அதற்கு மிக எளிதில் பலியாகும். இந்த ஊரில் பறவை வளர்க்கும் எவருக்கும் இது தெரியும். கூண்டுக்குக் கிளைக் குச்சி வெட்டும்போதுகூட அந்த மரத்துப் பக்கம் போகமாட்டோம். மேலும், வெண்ணெய்ப் பழம் தின்ற பறவை மார்புச் சதை வற்றிச் சாவதில்லை. முட்டை சிக்கிச் செத்திருக்கும் என்று நான்காவதாக ஒன்று சொன்னார். செத்தவற்றில் ஆண் பறவைகளும் இருந்தன என்று எழுதியதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

இறந்த பறவைகளில் இரண்டை அரசுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொன்னேன். கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தன, கண்ணாடி போல இருக்க வேண்டிய காற்றுப் பைகள் கலங்கித் தடித்திருந்தன, தீனிப்பை காலி. சிட்டகோசிஸ் எனப்படும் கிளிக் காய்ச்சலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்றார். உறுதி செய்யப் பி.சி.ஆர். பரிசோதனை வேண்டும், ஆனால் மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்றும் சொன்னார்.

கிளமிடியா சிட்டசி என்னும் பாக்டீரியாவால் வரும் நோய் இது. வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் பறவைக்குள் நெடுநாள் இருந்துவிட்டு, நெரிசல், பட்டினி, பயணம் என்று உடல் தளரும் நேரத்தில் கிளம்பும். காய்ந்த எச்சத்தின் தூசியிலும் மூக்குச் சளியிலும் பரவும், மனிதருக்கும் வரும். 1929-30இல் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றிச் சென்று விற்கப்பட்ட கிளிகளால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுக்குள்ளேயே மனிதர்கள் இதனால் செத்திருக்கிறார்கள். என் தாயாருக்கு இருமல் வந்தபோது, வீட்டில் பறவைகள் செத்ததை மறைக்காமல் சொல்லித்தான் மருத்துவரிடம் காட்டினேன். நல்லவேளையாக அது சாதாரணச் சளிதான். இப்போது மிஞ்சிய மூன்றுக்கும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் ஓடுகிறது. வழக்கமான கணக்கு 45 நாள். கால்சியம் அந்த மருந்தை உடலில் சேரவிடாது என்பதால் கூண்டில் மாட்டியிருந்த கடல் நுரையைக்கூட (கணவாய் ஓடு) கழற்றி வைத்திருக்கிறேன். 45 நாள் மருந்து கொடுத்து அனுப்பியதாகச் சொன்னவர் கொடுத்தது எந்த மருந்து என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

சாவு திடீரென்று வந்ததாக அவர் சொல்வது பொய். மற்ற விலங்குகளுக்கு இரையாகாமல் பிழைக்க வேண்டிய உயிரினமானதால், பறவை தன் நோயைக் கடைசி நிமிடம்வரை மறைக்கும். இறகைப் புடைத்துக்கொண்டு கொழுத்தது போலவே உட்கார்ந்திருக்கும். நமக்குத்தான் அது திடீர்ச் சாவு. மார்பெலும்பு அந்த நிலைக்கு வந்த பறவையைக் கையில் பிடித்து மல்லாக்கத் திருப்பிய மனிதனின் விரலுக்கு அது தெரியாமல் இருந்திருக்க வழியே இல்லை.

மருத்துவர் அறுத்துப் பார்த்துச் சொன்னதை அனுப்பிய பிறகு, பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வெட்டில்லாத வீடியோ வேண்டும் என்றார். அனுப்பினேன். அதில் எல்லாப் பறவைகளும் உயிரோடுதானே இருக்கின்றன, எனவே பொறுப்பு தன்னுடையதல்ல என்றார். அதாவது வீடியோ இல்லாவிட்டால் ஆதாரம் இல்லை. இருந்தால் அது அவருக்குத்தான் ஆதாரம். 14,500 முழுவதும் வேண்டாம், காக்டெய்லுக்கான 11,000 ரூபாயையாவது திருப்பிக் கொடு தம்பி என்று கேட்டேன். "பணம்லாம் முடியாது சார். வேணும்னா ரெண்டு பச்சைக்கிளிக் குஞ்சு அனுப்பறேன்" என்றார். நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஏமாற்றியது போதாதென்று என்னையும் குற்றவாளியாக்கப் பார்த்தார்! அந்தச் செய்தியைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன். செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018 விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா, எண் என்ன என்று கேட்டேன். அத்துடன் என் எண்ணைத் தடை செய்துவிட்டார். குழு நிர்வாகியோ, தாங்கள் இரு தரப்பையும் சேர்த்து வைப்பவர்கள் மட்டுமே என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டு, நான் போட்ட பதிவையும் நீக்கிவிட்டார். 14,500 ரூபாய் போனது ஒருபுறம்; இந்த ஒரு வரிதான் இன்னும் உறுத்துகிறது.

பறவைக் கூட்டத்தைக் காப்பது பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று தொடங்கினேன். இப்போதைக்கு முக்கியமானவை மட்டும். வீடியோவில் மார்பு இறகை விலக்கிக் காட்டச் சொல்லுங்கள், தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும் புதுப் பறவையை வேறு அறையில் குறைந்தது 45 நாள் வைத்து, பழைய கூட்டத்துக்குத் தீனி வைத்த பிறகே புதியவற்றிடம் போங்கள். என் திண்ணைக் கூட்டம் இன்றுவரை தப்பித்திருப்பது அதனால்தான். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள். எச்சத்தைக் காய்ந்தபடி பெருக்காமல் தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டு அள்ளுங்கள். பறவை செத்தால் புதைத்துவிடாமல், சோப்புத் தண்ணீரில் இறகை நனைத்து, இரட்டைப் பையில் கட்டிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், தின்பண்டங்கள் படாமல் வையுங்கள்; உறைய வைத்தால் திசுப் பரிசோதனைக்கு உதவாது. உள்ளூரில் வசதி இல்லையென்றால் தேனியிலும் உடுமலைப்பேட்டையிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

பணம் போனவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு பறவையையே அனுப்பாமல் ஓடியிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. நான் திண்டுக்கல்லில் போடப்போகிறேன். இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் பணம் அனுப்பிய ரசீதோடு எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். மூன்றுக்கும் மருந்து வைக்கும் நேரமாகிவிட்டது, மற்றதை இரவில் வந்து பார்க்கிறேன்.