மாடி டிராம்: படி எந்தப் பக்கம் திரும்பவேண்டும்?

1900-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஓடிய மின்சார மாடி டிராம்களுக்குத் தலை, வால் கிடையாது. கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போய்விடுவார். வண்டி திரும்பாமலே கிளம்பும். அதனால் மாடிப்படியும் இரண்டு முனையிலும் வேண்டும். எந்தத் திசையில் ஓடினாலும் ஓட்டுநர் பக்கத்தில் ஒரு படி உண்டு. தகராறு அங்கேதான்.

வளைந்து இறங்கும் இந்தப் படிகளில் ‘நேர்படி’ பழைய முறை. இறங்கும்போது வண்டி குலுங்கினால் ஆள் தெருப்பக்கம் சாய்வார். இதற்கு மாற்றாக வளைவை எதிர்ப்பக்கம் திருப்பி ‘எதிர்ப்படி’ ஆக்கிவிட்டார்கள்: தடுமாறினாலும் தெருவில் விழமாட்டார், வண்டியின் ஏறுமேடையிலேயே விழுவார் என்பது கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிர்ப்படி ஓட்டுநருக்கு இடப்பக்கத்தை மறைத்தது. பிரிட்டனில் அதுதான் நடைபாதைப் பக்கம். ஆட்கள் ஏற ஓடிவரும் பக்கம். இடக்கை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரில், வலக்கை பிரேக்கில், இடக்கண்ணுக்கு எதிரே படிக்கட்டு! என் ஓட்டு நேர்படிக்கே. பல ஊர்களில் எதிர்ப்படியைப் பிரித்துப் பிறகு நேர்படியாக்கினார்கள்.

சக்கரத்தில் அவ்வளவு தகராறில்லை. நாலு சக்கர வண்டி மலிவு, ஆனால் முன்னும் பின்னும் ஊஞ்சலாடும். போகி (வளைவில் தனியே திரும்பும் சக்கரச் சட்டம்) வைத்தது நீளமாகவும் நிதானமாகவும் ஓடும். அன்று லண்டனை நிர்வகித்த லண்டன் கவுன்டி கவுன்சில் 1903-ல் இரண்டையுமே வாங்கியது.

மாடிக்குக் கூரை வேண்டுமா? திறந்த மாடியில் வெயில்நாள் சவாரி சுகம். மழை நின்றபின் ஈரம் ஒட்டாமல் உட்கார, புரட்டிப்போடும் மரச்சட்ட இருக்கைகள்கூட இருந்தன. சுற்றிலும் பலகை அடித்தது பெண்களின் கணுக்கால் தெருவுக்குத் தெரியக்கூடாதென்று. அதிலேயே விளம்பரமும் எழுதிக் காசு பார்த்தார்கள். கூரை போட்டால் மழைக்கு நல்லது, காற்றுக்குக் கெட்டது. 3 அடி 6 அங்குலக் குறுகிய பாதைகளில் கூரைக்கு பிரிட்டிஷ் அதிகாரிகள் லேசில் சம்மதிக்கவில்லை. அதே அகலப் பாதையில் ஓடும் ஹாங்காங்கில் 1912-ல் திறந்த மாடி வந்தது, 1913-லேயே கித்தான் கூரை ஏறிவிட்டது. மழை அதிகமான ஊருக்கு நானும் கூரையைத்தான் சொல்வேன்.

லண்டனில் 1907 முதல் ஓடிய ஈ/1 வகை டிராம்களில் மாடிக்குக் கூரை உண்டு. முன்மேடையில் நின்ற ஓட்டுநருக்கு எதிரே கண்ணாடி வந்தது 1930-களில்தான்.